உன் அம்மாவுக்குக் காட்டிய அனல்

ஒரு காலத்தில் என் தோழியாக இருந்தவளுக்கு,

உன் அம்மா தேறிவிட்டார். ஷாங்காய் மாநாட்டை விட்டுவர உனக்கு மனமில்லாததால் நான் எழுதுகிறேன்.

குடல் அறுவைக்குப் பின் அவருக்கு வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. டாக்டர் சியோங்கிடம் கேட்டுக்கொண்டு, மாசிபத்திரி மூலிகைச் சுருளைப் பற்றவைத்துத் தொப்புளைச் சுற்றி அனல் காட்டினேன். லான்ஜோ மருத்துவமனையில் நாம் இருவரும் வார்டு வார்டாக அலைந்து ஆராய்ந்த முறைதான். என் பெயரை நீக்கிவிட்டு நீ வெளியிட்டாயே, அதே ஆய்வு.

நேற்று கஞ்சி குடிக்கும்போது அம்மா கேட்டார்: "இது எம்பொண்ணு கண்டுபிடிச்ச வைத்தியம்தானே?"

"நானும் அவளும் சேர்ந்து செஞ்சதும்மா. நான் நோயாளியோட தோலைச் சுட்டுட்டேன்னு பொய் சொல்லி அவ என்னை வெளியே தள்ளிட்டா."

நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. சொல்லும்போது எனக்கு இனித்தது.

அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். "அவ போன் பண்ணா தூங்குறேன்னு சொல்லிடு" என்றார்.

இன்று நீ அழைத்தபோதெல்லாம் அவர் விழித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்றேன். என் குரல்கூட உனக்கு அடையாளம் தெரியவில்லை.

நாளை அவர் வீடு திரும்புகிறார். உடன் வந்து தங்கும்படி என்னைத்தான் கேட்டிருக்கிறார். போகிறேன். இனி நீ அங்கே வந்தால் கதவைத் திறப்பது நானாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் நர்ஸ்