எனக்கும் ஒரு முழு மாத்திரை

அனுப்புநர்:
சலவை நிலையத்தில் இஸ்திரி போடுபவள்.
(பெயர் எழுதவில்லை. இம்மனு தங்கள் மேசைக்கு வருமுன் பத்துப் பேர் படிப்பார்கள்; எனக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். ஆராய்ச்சிப் பிரிவில் ‘தங்கம்’ என்றால் தெரியும்.)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: எச்.ஐ.வி. தொற்றுள்ள எனக்கு, ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று மாத்திரை மறுக்கும் மருத்துவர் மீது புகார் – உடனே சிகிச்சை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கும் என் கணவருக்கும் நோய் இருப்பது ஒரே நாளில் தெரிந்தது. அவருக்கு அன்றே மாத்திரை எழுதினார்கள். என் உடம்பில் மட்டும் மாத்திரை இல்லாமலேயே கிருமி அடங்கிக் கிடப்பதாகவும், நூற்றில் ஒருவருக்குக்கூட இப்படி அமையாது என்றும் சொல்லி ஆராய்ச்சிப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். அங்குள்ள மருத்துவர் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். ‘தங்கம்’ என்று பெயர் வைத்ததும் அவரே. நானும் வாயெல்லாம் பல்லாகக் கையை நீட்டினேன்.

2. ரெக்சின் கிழிந்த அந்த நாற்காலியில் எத்தனை முறை இரத்தம் கொடுத்தேன் என்பதை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். என் இரத்தத்தில் கிருமி அடங்கியிருந்ததைக் காட்டும் வரைபடம் மருத்துவரின் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டப்பட்டுள்ளது. எனக்குக் கிடைத்தது ஒவ்வொரு முறையும் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

3. சில மாதங்களாக எனக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். வாயெல்லாம் வெள்ளைப் புண். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கவே தெம்பில்லை. எதிர்ப்புச் சக்தி இறங்கிக்கொண்டே வருகிறது என்று இரத்தம் எடுக்கும் நர்சம்மாவே சொன்னார். மாத்திரை கேட்டேன். “கொஞ்சம் பொறும்மா தங்கம், இந்த ஆய்வு முடியட்டும். இப்ப மாத்திரை போட்டா இத்தனை நாள் உழைப்பும் பாழாயிடும்” என்றார் மருத்துவர். யாருடைய உழைப்பு ஐயா? மாத்திரை தரும் பிரிவுக்கு ஓடினால், அவர் கையெழுத்து இல்லாமல் தர முடியாது என்கிறார்கள். இங்கும் அங்கும் பந்தாடுகிறார்கள்.

4. என் கணவர் லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். நேரம் தவறாமல் மாத்திரை போடுவதால் வீட்டில் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று கேலிப்பெயர். அந்த மனிதர்தான் ஒருநாள் காய் நறுக்கும் கத்தியால் தன் மாத்திரையை இரண்டாக வெட்டி, பாதியை என்னிடம் நீட்டினார். நான் போடாமல் தானும் போடமாட்டேன் என்று அடம்பிடித்தார். போட்டேன். அப்படிச் செய்தால் கிருமிக்கு மருந்து பழகி, இருவருக்குமே மருந்து கேட்காமல் போகலாம் என்பது அப்போது தெரியாது.

5. என் இரத்தத்தில் மருந்து இருப்பதை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. மருத்துவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். “சாம்பிளையே கெடுத்துட்டியே” என்று எல்லார் முன்னாலும் கத்தினார். ஏன் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது என் கணவர், எனக்கு மறுபடி பங்கு கொடுத்துவிடாதபடி, தினமும் பட்டறைக்குப் போகுமுன் நர்சம்மா எதிரில் மாத்திரை போட்டு, பள்ளிப் பிள்ளை போல வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். எனக்கோ இன்றுவரை மாத்திரை இல்லை.

6. நான் ஆராய்ச்சிக்கு எதிரி அல்ல. என் கணவரைப் பிழைக்க வைத்திருக்கும் மாத்திரையும் யாரோ கொடுத்த இரத்தத்தில் பிறந்ததுதான். இனியும் கேட்டால் கொடுப்பேன். உயிரோடு இருந்தால்தானே கொடுக்க முடியும்?

7. ஆகவே, எனக்கு உடனே சிகிச்சை தொடங்கவும், என் கணவருக்கு மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று சோதிக்கவும், சுவரில் மாட்டிய என் வரைபடத்தைக் கழற்றவும் உத்தரவிட வேண்டுகிறேன். கருணை கேட்கவில்லை, மற்ற நோயாளிகளுக்குக் கொடுப்பதைத்தான் கேட்கிறேன்.

8. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நேற்றும் என் கணவர் நர்சம்மாவிடம் வாயைத் திறந்து காட்டினார். நேராக வீட்டுக்கு வந்து, கடித்துக் கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்த பாதியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இதற்காக அவரைத் தண்டிக்க வேண்டாம். எனக்கு முழு மாத்திரை கிடைக்கும்வரை அந்த மனிதர் முழுதாக விழுங்கமாட்டார். அந்தப் பாதியை நான் போடவில்லை.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: இரத்தம் எடுக்கும் அறையின் வாசல்

இப்படிக்கு,
தாங்கள் கூப்பிடும்வரை இந்த வாசலை விட்டு நகராதவள்
(பெயருக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை)

இணைப்பு: அரை மாத்திரை.