படத்தில் இல்லாதவர்

24-5-1987, ஞாயிறு. கோச்சடை

கோபத்தில் எழுதுகிறவன் வரிசையைத் தவறவிடுகிறான். ஆகவே எண்ணிட்டு, தேதியிட்டு எழுதுகிறேன். வைகைக்கரைக் கால்பந்துக் கழகத்தின்மீது எனக்குள்ள குறைகள்:

1. 3-5-87. திருச்சியில் மாநிலக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம். என் மனைவியின் தம்பி லூர்துராஜ் இரண்டு கோல் அடித்தான். இரண்டாவதை அடித்த வலது காலை எதிரணியின் தடுப்பாளன் முறித்தான். கழகத்தின் வேனில் காலை நீட்டிப் படுக்க இடமில்லை என்று சொல்லப்பட்டது. தக்காளி லாரியில் மதுரைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

2. 10-5-87. இறுதியாட்டம். லூர்துராஜின் ஒன்பதாம் எண் சட்டை, கழகச் செயலாளர் காசிமாயனின் அக்காள் மகன் வெள்ளைத்துரைக்கு அணிவிக்கப்பட்டது. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கழகம் வென்றது.

3. 17-5-87. ஸ்டூடியோவில் கோப்பையுடன் குழுப்படம். வர இயலாதவரின் பெயரை ‘படத்தில் இல்லாதவர்’ என்று அடியில் அச்சிடுவது இந்த ஊரில் பள்ளிக்கூடம் முதல் பஞ்சாலை வரை எல்லோரும் அறிந்த வழக்கம். அச்சிடவில்லை.

4. 22-5-87. நற்சான்றிதழ் வழங்கினார்கள். பதினாறு பேருக்கு. வெள்ளைத்துரைக்கு உண்டு. லூர்துராஜுக்கு இல்லை.

முதல் மூன்றையும் ஒரு மனிதன் விழுங்கிவிடலாம். நான்காவதை விழுங்க முடியாது. ஓர் அரசுத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மாநிலப் போட்டியில் வென்ற அணியைச் சேர்ந்தவர் என்பதற்கு எழுத்து ஆதாரம் வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 30. ஜூலையில் அவனுக்கு முப்பது முடிகிறது. முப்பதுக்குமேல் விண்ணப்பிக்க முடியாது. கட்டுப் போட்ட வைத்தியர், இந்தக் கால் நடக்க ஆகும், ஓட ஆகாது என்று சொல்லிவிட்டார். பிறகு அவனுக்கு என்ன இருக்கிறது?

26-5-87

டவுன்ஹால் ரோட்டில் காசிமாயனின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேல் அந்தப் படம் மாட்டியாயிற்று. நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

“சார், நீங்க புரொபசரு. உங்களுக்குத் தெரியாததில்ல. ஃபைனல்ல எறங்குன டீமுக்குத்தான் சர்டிபிகேட். ஆடாதவனுக்கு எப்படிக் குடுக்கிறது?”

வெள்ளைத்துரை ஆடினானா என்று கேட்டேன்.

“அவன் சட்டை போட்டுருந்தான்ல?”

எழுந்து வந்துவிட்டேன். இவன்கிட்ட என்னத்தப் பேசுறது? பேச்சில் பயனில்லை. எழுத்தில்தான் இவர்களைப் பிடிக்க வேண்டும். இந்தக் கழகத்தின் சட்டதிட்டங்களை 1962-இல் வகுத்துக்கொடுத்தவன் நான். ஆயுள் உறுப்பினர் எழுத்தில் கேட்டால், செயலாளர் பதினைந்து நாளுக்குள் எழுத்தில், முத்திரையுடன் பதில் தர வேண்டும் என்பது அதில் பதினோராவது விதி. அதை எவரும் இதுவரை பயன்படுத்தியதில்லை.

28-5-87, வியாழன்

காலையில் பி.பி.சி. நேற்று வியன்னா நகரில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் நடந்தது. போர்த்துக்கலின் போர்த்தோ அணி, ஜெர்மனியின் பலம் பொருந்திய அணியைப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு, இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. சில நாள் முன்பு கால் முறிந்ததால் போர்த்தோவின் முன்னணிக் கோல் வீரர் பெர்னாண்டோ கோமஸ் ஆடவில்லையாம்.

வானொலியின் ஒலியைக் குறைத்தேன். லூர்துராஜ் கட்டிலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

“மச்சான், அவருக்குமா?” என்றான். பிறகு சிரித்தான். “அந்த ஊருல தக்காளி லாரி இருக்குமா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனால் எப்படிச் சிரிக்க முடிகிறது?

29-5-87

கோமஸை நாங்கள் இருவரும் ஒன்பது வருடமாகப் பின்தொடர்கிறோம். கப்பல் தபாலில் இரண்டு மாதம் தாமதமாகக் கல்லூரி நூலகத்துக்கு வரும் ஆங்கில வார இதழ்தான் எங்களுக்கு ஆதாரம். கல்லூரி ஆண்டு மலருக்கு அவரைப்பற்றி ஒரு கட்டுரை தருவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறேன். இன்று தொடங்கினேன்.

போர்த்தோவிலேயே பிறந்து, அந்த ஊர் அணிக்கே பதினேழு வயதில் ஆட வந்தவர். எண்பதில் ஸ்பெயினுக்குப் போனார். அங்கே குதிகால் நரம்பில் காயம்; நெடுநாள் ஆட முடியவில்லை. இவர் கதை முடிந்தது என்று அந்த இதழ் இரண்டே வரியில் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. எண்பத்திரண்டில் ஊர் திரும்பினார். அடுத்த ஒரே பருவத்தில் லீக் ஆட்டங்களில் முப்பத்தாறு கோல். ஐரோப்பா முழுவதிலும் அதிகக் கோல் அடித்தவருக்கு உரிய தங்கப் பாதணி. இரண்டு வருடம் கழித்து முப்பத்தொன்பது கோல், மறுபடியும் தங்கப் பாதணி. சென்ற ஆண்டு உலகக் கோப்பையில் மட்டும் ஒன்றும் அடிக்கவில்லை. நாடே முதல் சுற்றில் வெளியேறியது.

கோல் அடிப்பவனின் வேலை விசித்திரமானது. ஆட்டத்தின் பெரும்பகுதியில் அவன் ஒன்றும் செய்யாதவன்போல நிற்கிறான். பார்க்கிறவர்கள் திட்டுகிறார்கள். பந்து வந்து சேரும் ஒரு கணத்தில் மட்டும் அவன் அங்கே இருந்தாக வேண்டும். லூர்துராஜும் இப்படித்தான். “சும்மா நிக்கிறதுக்கு ஒரு ஆளா?” என்று பந்தயத் திடலில் எத்தனையோ பேர் கத்தியிருக்கிறார்கள். கத்தி முடிப்பதற்குள் வலை அசைந்திருக்கும்.

ஆக, கோமஸுக்கு முப்பது, இவனுக்கும் முப்பது நடக்கிறது. இருவருடைய அணிகளும் அவர்கள் இல்லாத நாளில் வென்றன. வியன்னாவில் கோமஸின் பெயரை விட்டுவிட்டார்களா? எனக்குத் தெரியவில்லை. விட்டிருக்க மாட்டார்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

நான் வரலாறு நடத்துகிறவன். வெற்றிக்கு முந்தைய நாள் விழுந்த சிப்பாயின் பெயரும் நினைவுத்தூணில் இருக்கும். அவன் கடைசி நாள் சண்டையில் இல்லையே என்று யாரும் சுரண்டி எடுப்பதில்லை.

1-6-87, திங்கள்

பதினோராவது விதியின்கீழ்க் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு பத்தி மட்டும் இங்கே: ‘இறுதியாட்டத்துக்குச் சில நாள் முன்பு கால் முறிந்த பெர்னாண்டோ கோமஸ் அவர்களையும் வென்ற அணியைச் சேராதவர் என்று தாங்கள் கூறுவீர்களா?’

அவர் யார் என்று விளக்கவில்லை. கால்பந்துக் கழகத்தின் செயலாளருக்கு அந்தப் பெயரை விளக்குவது அவரை இழிவுபடுத்துவதாகும்.

7-6-87, ஞாயிறு

பூசை முடிந்து திரும்பியபோது வாசலில் வெள்ளைத்துரை நின்றான். இருபத்திரண்டு வயது இருக்கும். உள்ளே வரத் தயங்கினான். லூர்துராஜ்தான் கட்டிலில் இருந்தபடி கூப்பிட்டான்.

“வாடா ஒன்பதாம் நம்பரு.”

“அண்ணே, வையாதீங்கண்ணே. மாமா போடுன்னாரு, போட்டேன். உக்காருன்னாரு, உக்காந்தேன்.”

“போட்டோவுல நல்லாத்தான்டா இருக்க. தலைதான் கொஞ்சம் எண்ணெய் அதிகம்.”

துவைத்துத் தேய்த்த ஒன்பதாம் எண் சட்டையை வெள்ளைத்துரை கட்டிலின் விளிம்பில் வைத்தான். இறுதியாட்டத்தில் லூர்துராஜுக்குப் பதிலாகத்தான் உட்கார்ந்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடு என்றேன். அவன் வாசல் பக்கம் ஓர் எட்டு வைத்தான்.

“சார், அதமட்டும் கேக்காதீங்க. மாமா வீட்லதான் சோறு திங்கிறேன்.”

அவன் போன பிறகு லூர்துராஜ் என்மீது வருத்தப்பட்டான். “அவன எதுக்கு மச்சான் வம்புல இழுக்குறீங்க? நீங்க கோவத்த எழுதுறீங்க. எனக்கு வேலை வேணும். ரெண்டும் ஒண்ணா?”

இல்லைதான். ஆனால் கோபத்தைக் கீழே வைத்துவிட்டால் இந்த வீட்டில் வேறு யார் எழுதுவது?

11-6-87

பதில் இல்லை.

13-6-87

இல்லை.

16-6-87, செவ்வாய்

கெடுவின் கடைசி நாளில் வந்துவிட்டது. தட்டச்சு செய்து, ஊதா முத்திரை குத்தி, காசிமாயன் கையெழுத்திட்டிருக்கிறார். முதல் பத்தியை அப்படியே எடுத்தெழுதுகிறேன்:

‘தாங்கள் குறிப்பிடும் தூத்துக்குடி வீரர் திரு. பெர்னாண்டோ கோமஸ் சம்பந்தப்பட்ட விவகாரம் சிதம்பரனார் மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். பிற மாவட்டத்து முன்னுதாரணம் நமது கழகத்தைக் கட்டுப்படுத்தாது.’

தூத்துக்குடி! ஐரோப்பாவின் தங்கப் பாதணியை இருமுறை வென்றவன் தூத்துக்குடியாம்! கடற்கரைப் பக்கம் பெர்னாண்டோவும் கோமஸும் தெருவுக்குத் தெரு உண்டுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக? இவன் கையிலயா ஒரு கழகத்தக் குடுத்தோம்? இவன் தீர்ப்பிலயா ஒருத்தன் பிழைப்பு தொங்கணும்? நாளை எழுதுகிறேன்.

17-6-87

நாள் முழுவதும் மறுப்புக் கடிதம் எழுதினேன். போர்த்துக்கல் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கி மூன்று பக்கம். கோமஸின் பிறந்த ஊர், கோல்கள், பாதணிகள். மிகவும் கட்டுக்கோப்பான கடிதம். எழுதி முடித்ததும் நெஞ்சு சற்று ஆறியது.

என் மனைவி பாக்கியமேரி பள்ளியிலிருந்து வந்தாள். எட்டாம் வகுப்பு ஆசிரியை. தாளைக் கடைசி வரிவரை படித்துத்தான் மார்க் போடுவாள். என் கடிதத்தைப் படிக்கவில்லை. காசிமாயன் கடிதத்தை எடுத்துப் படித்தாள். ஒருமுறை. மறுபடி ஒருமுறை.

“ஏங்க, இதுல ரெண்டாவது பத்திய நீங்க படிச்சீங்களா?”

படித்தேன், வழக்கமான மறுப்பு என்றேன்.

“எங்க, சத்தமாப் படிங்க.”

படித்தேன். ‘நமது அணி வீரர் அ. லூர்துராஜ் அரையிறுதி வரை அனைத்து ஆட்டங்களிலும் ஆடிப் பதினோரு கோல் அடித்ததைக் கழகம் மறுக்கவில்லை. காயம் காரணமாக மட்டுமே இறுதியாட்டத்தில் பங்கேற்காததால் நற்சான்றிதழ் வழங்க இயலாது.’

“‘நமது அணி வீரர்’னு அவரே எழுதி, சீல் குத்தி, கையெழுத்தும் போட்டுக் குடுத்துருக்காரு. அந்த ஆபீஸ்காரங்க என்ன கேட்டாங்க? அணியச் சேந்தவர்னு எழுத்து ஆதாரம். சர்டிபிகேட்டுன்னு எங்கயாவது போட்டுருக்கா?”

வேலைக்கான விளம்பரத்தை எடுத்துப் பார்த்தோம். இல்லை.

கோமஸைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைக்கும் அவசரத்தில் காசிமாயன் இரண்டாம் பத்தியில் உண்மையைச் சொல்லிவிட்டார். கோமஸைப் போர்த்துக்கலுக்கு மீட்டுவரும் அவசரத்தில் நான் அதைப் பார்க்காமலே இருந்தேன். இருவரும் முதல் பத்தியிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

லூர்துராஜ் சிரித்த சிரிப்பில் கட்டு நெகிழ்ந்து, “அய்யோ அக்கா, வலிக்குது, சிரிக்க வைக்காத” என்று கத்தினான். “மச்சான், அந்த மூணு பக்கத்த அனுப்பிராதீங்க. அந்த மனுசன் முழிச்சுக்கிருவாரு.”

மூன்று பக்கத்தையும் மடித்து, கட்டுரைக்கான குறிப்புகளோடு வைத்துவிட்டேன். அனுப்பாமல் இருப்பது எழுதுவதைக் காட்டிலும் கடினமாக இருந்தது.

29-6-87

விண்ணப்பத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கியவர் கடிதத்தைப் படித்துவிட்டு, “கோமஸு யாரு சார், தூத்துக்குடில எந்த டீமு?” என்று கேட்டார். லூர்துராஜ் சட்டென்று, “பெரிய பிளேயர் சார், இப்ப கால்ல அடி” என்றான். பொய் இல்லை.

22-8-87

நேர்காணல். கைத்தடியோடு போனான். பதினோரு கோலையும் விவரிக்கச் சொன்னார்களாம். ஏழாவதைச் சொல்லும்போது அதிகாரி தேநீரை ஆறவிட்டுவிட்டாராம்.

14-9-87

உத்தரவு வந்தது. எழுமலைக் கிளையில் எழுத்தர். பாக்கியமேரி நேரே மாதா கோவிலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

நியாயமாக, இத்துடன் என் கோபம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. வெற்றி அதனுடைய உணவு அல்ல போலும்.

20-9-87

கட்டுரையை மலருக்குக் கொடுத்துவிட்டேன். கடைசி வாக்கியத்தைப் பலமுறை மாற்றினேன். ‘அவர் வியன்னாவில் இல்லை, ஆனால் வியன்னாவரை அந்த அணியைக் கொண்டுபோனவர்களில் ஒருவர்.’ இப்படியே இருக்கட்டும்.

4-10-87, ஞாயிறு

லூர்துராஜ் தினமும் காலை எழுமலை பஸ்ஸைப் பிடிக்கிறான். கைத்தடியை விட்டுவிட்டான், நடையில் ஒரு சாய்வு மட்டும் தங்கிவிட்டது. பந்தாட்டக் காலணிகளைப் போன வாரம் வெள்ளைத்துரைக்குக் கொடுத்துவிட்டான். “எட்டாம் நம்பர் சைஸுடா, உனக்குச் சேரும். நீயாவது பெஞ்ச விட்டு எந்திரி.” இதெல்லாம் ஒரு வார்த்தை கசப்பில்லாமல். நான் மட்டும்தான் கசந்துகொண்டு இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

நேற்றுச் சனிக்கிழமை. சம்பளத்தில் அக்காவுக்குச் சேலை எடுக்க டவுன்ஹால் ரோட்டுக்குப் போனவன், திரும்பி வந்ததும் சேலையை நீட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். இன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என் மேசைப் பக்கம் வந்து நின்றான்.

“மச்சான், அவுக கடை வழியா வந்தேன்.”

நான் பேனாவை மூடினேன்.

“போட்டோ இன்னும் கல்லாவுக்கு மேலதான் மாட்டிருக்கு. வெளிய நின்னு பாத்தேன். உள்ள போகல.” சுவரைப் பார்த்தபடி சொன்னான். “எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நீங்க எழுதுவீங்கள்ல... அடியில பேரு மட்டும் போடச் சொல்லி எழுத முடியுமா?”

போதும் மச்சான், போதும் மச்சான் என்று ஐந்து மாதமாக என் கையைப் பிடித்து இழுத்தவன்.

உடனே எழுதினேன். இம்முறை கோமஸ் இல்லை, அடைமொழிகள் இல்லை. அவனே வாசித்துப் பார்த்துத் தலையசைத்தான். நாளை பதிவுத் தபாலில் போகிறது. முழுவதையும் இங்கே எடுத்தெழுதி வைக்கிறேன்:

‘செயலாளர் அவர்களுக்கு. 17-5-1987 அன்று எடுத்த குழுப்படத்தின் அடியில், “படத்தில் இல்லாதவர்: அ. லூர்துராஜ்” என்னும் வரியை அச்சிட்டு, தங்கள் கடையில் உள்ள படத்தில் ஒட்ட வேண்டும். பதினோராவது விதியின்படி, 20-10-1987 செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலமான பதில், முத்திரையுடன், என் முகவரிக்கு வந்து சேர வேண்டும். — இன்பசேகரன், ஆயுள் உறுப்பினர்.’