மின்விசிறியை நிறுத்திவிட்டு

ஸ்காபரோ,
12 ஜனவரி 2025

அன்புள்ள தங்கச்சி மிரியத்துக்கு,

தினமும் போனில் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு மின்னஞ்சலிலும் எதற்கு இந்த மனிதன் நீட்டி முழக்குகிறான் என்று நீ சிரிப்பாய். மாதம் ஒரு கடிதமாவது எழுதாவிட்டால் அப்பா மேலே இருந்தபடியே என் காதைத் திருகுவார். அந்தப் பயம்தான்.

இங்கே பனி முழங்கால் மட்டும் நிற்கிறது. உங்களுக்கு மாலை ஏழு மணிக் குடும்ப செபம், எனக்குக் காலை எட்டரை. வேலை செய்யும் கந்தோர் வாசலில் காரை நிறுத்தி, போனைச் சாய்த்து வைத்துவிட்டு, உங்களோடு சேர்ந்து நானும் கண்ணை மூடுகிறேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் ஒரு வீட்டுக்காரன். மற்ற நேரமெல்லாம் தனிச் சமையலும் தனிச் சாப்பாடும்தான்.

ஒரு குறை மட்டும். உங்கள் சத்தம் தெளிவில்லை. அம்மா செபிக்கத் தொடங்கினால் மின்விசிறி கடகடக்கிறது. உன் மனிசன் நிர்மலன் இப்போதுதான் ஒன்றிரண்டு வரி வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியிருக்கிறார், அந்த நேரம் பார்த்து நீங்கள் எல்லோரும் ஒன்றாக ஆமென் சொல்கிறீர்கள். அதனால் ஊருக்கு வரும் கனிசியஸிடம் ஒரு மைக் கொடுத்துவிடுகிறேன். சட்டைப் பொத்தான் அளவுதான். வேதப்புத்தகம் வைக்கும் மேசையில் நடுவாக வை. மின்விசிறியை நிறுத்திவிடு, கொஞ்சம் வேர்த்தால் வேர்க்கட்டும். ஒருவர் முடித்த பிறகு மற்றவர் தொடங்க வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் இருந்து கேட்பது போல இருக்கும்.

வேலை பரவாயில்லை. கணினிக்குத் தமிழ் கேட்கப் பழக்குகிறோம். மற்ற மொழிகளுக்குக் குரல் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சுக்கு ஒரு கைப்பிடிதான். ஆமாம் என்பதற்கு நாங்கள் "ஓம்" என்றால் பூசை தொடங்கிவிட்டது என்று நினைக்கிறது அந்தச் சனியன்.

அம்மாவுக்கும் உன் மகள் நிஷானிக்கும் என் முத்தங்கள்.

அன்புடன் அண்ணை,
ஜொனதன்


தெல்லிப்பழை,
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். மைக் வந்த அன்று நான் அழுதேன். எங்கள் குரலைக் கேட்க இப்படி ஏங்குகிறாரே என்று நினைத்துத்தான். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உதென்ன வண்டு மாதிரி, கடிக்குமோ?" என்றார். நீங்கள் சொன்னபடி மின்விசிறியை நிறுத்தியாயிற்று. நிஷானி ஞானப்பாட்டுப் புத்தகத்தால் எல்லோருக்கும் விசிறுகிறாள். உங்கள் ஒருவருக்காக நாங்கள் நான்கு பேர் வேர்த்து வடிகிறோம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன் அல்லவா? சுன்னாகத்தில் புதிதாகத் திறந்த கந்தோர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ எங்கேயோ கதைத்த சின்னச் சின்ன ஒலித்துண்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். பிறகு அது எந்த உணர்ச்சி என்று திரையில் தொட வேண்டும். சந்தோசம், கோபம், துக்கம், சாதாரணம். ஒரே துண்டை மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதுவார்கள், பிழை வராமல் இருக்க. எங்களுக்குப் பொறுப்பாக இருக்கும் லவீனா நல்ல பிள்ளை. அண்ணை, சனங்கள் எவ்வளவு கதைக்கிறார்கள்! மீன் விலை, மருமகள், முழங்கால் வலி. அடுத்தவர் வீட்டுக் கதையைக் கேட்பதற்கு இப்போது சம்பளமும் தருகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை நிர்மலன் செபித்ததை நீங்களும் கேட்டீர்கள். அம்மாவுக்கு முன்னால் அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நவம்பரில் நிஷானியின் இடது கை முறிந்தது கிணற்றடியில் வழுக்கி அல்ல. இவர் குடித்துவிட்டு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து மதகில் மோதினார். ஊருக்குக் கிணற்றடி என்று சொன்னோம். "அப்பாவின்ரை வேலை போயிடும், ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று பிள்ளையிடம் கேட்டுக்கொண்டோம். ஒன்பது வயதுப் பிள்ளை, கேட்டபடி இருந்தாள். பிறகு இவர் கொழும்பில் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனது குடியை விடும் சிகிச்சைக்கு. இன்று வரை தொடவில்லை.

ஆனால் வாய் திறந்து அதைச் சொன்னது அந்த வெள்ளிக்கிழமைதான். ஆண்டவருக்கும் பிள்ளைக்கும் முன்னால், எல்லாவற்றையும் சொல்லி, விம்மி விம்மி அழுதார். அன்று இரவு இரண்டாம் முறை சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார். எனக்கு என் மனிசன் திரும்பி வந்துவிட்டார், அண்ணை.

இது எங்கள் ஐந்து பேருக்குள் இருக்கட்டும். உங்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

அன்புத் தங்கை,
மிரியம்


தெல்லிப்பழை,
18 மே 2025

அண்ணைக்கு,

போன் பழுது என்று உங்களுக்குச் செய்தி அனுப்பியது பொய். போன் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அதற்கு முன்னால் வாய் திறக்க மனமில்லை. அதனால்தான் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன்.

போன மாதக் கடைசியில் ஒருநாள், பக்கத்து மேசைப் பிரியந்தினி தன் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "மிரியம் அக்கா, இதை ஒருக்காக் கேளுங்கோ. அழுகையோ சிரிப்போ எண்டு பிடிபடேல்லை. எதுக்குள்ளை போடுறது?" என்றாள். வாங்கிக் காதில் வைத்தேன்.

நிர்மலன்.

பெயர் வரும் இடத்தில் ஒரு கீச்சுச் சத்தம். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. பிள்ளையின் இடது கை, மோட்டார் சைக்கிள், மதகு, கிணற்றடி என்று ஊருக்குச் சொன்ன பொய். எவ்வளவு தெளிவாக இருந்தது, அண்ணை! மின்விசிறிச் சத்தம் துளிகூட இல்லை. கடைசியில் ஒரு பொம்பிளையின் குரல் மெதுவாக ஆமென் என்றது. அது நான்.

பிரியந்தினி பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அழுகை" என்றேன். அவள் துக்கம் என்ற இடத்தைத் தொட்டாள். அடுத்த துண்டு வந்துவிட்டது.

அவள் வெளியில் சொல்லவில்லை, நம்புகிறேன். ஆனால் அந்தத் துண்டு இன்னும் இரண்டு பேரின் திரைக்கும் போயிருக்கிறது. அதில் ஒருத்தி எங்கள் ஊர். இடது கையில் கட்டோடு திரிந்த பிள்ளை யாருடையது என்று அவளுக்குப் பெயர் சொல்லியா தெரிய வேண்டும்? கிழமை திரும்ப முன்னம் நிர்மலன் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் கதை வந்துவிட்டது. பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்து கேட்டார்: "நான் அழுதது உம்மடை கந்தோரிலை ஓடுதாமே. நீரோ குடுத்தனீர்?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அந்தக் கந்தோரில் நான் வேலை செய்யும்போது அவர் எப்படி நம்புவார்?

நிஷானி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரவு என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "அம்மா, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்பாட்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

எங்கள் ஐந்து பேருக்குள் இருந்த செபம் அது. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். நீங்களா? ஓம் என்றோ இல்லை என்றோ எழுதுங்கள்.

மிரியம்


ஸ்காபரோ,
9 ஜூன் 2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

ஓம்.

இதற்கு மேல் எழுதாமல் விட்டால் நல்லது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ என்னைக் கள்ளன் என்று நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

வாசித்துக் காட்டும் குரல் எங்களிடம் நிறைய இருந்தது. வீட்டுக்குள் மனம்விட்டுக் கதைக்கும் குரல்தான் இல்லை. அது இல்லாமல் யாழ்ப்பாணத் தமிழை விட்டுவிட்டு அடுத்த மொழிக்குப் போகலாம் என்று மேலே முடிவெடுத்திருந்தார்கள். எங்கள் பேச்சு விளங்காத மெஷின்தான் நாளைக்கு ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் எங்கள் சனத்தோடு கதைக்கப் போகிறது. அதை நினைத்துத்தான் செய்தேன். பெயர்களை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். பல்லாயிரம் மணி நேரக் குரலுக்குள் இந்த ஒரு நிமிடத்தை யார் அடையாளம் காணப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

பெப்ரவரியில் ஒருநாள் செபம் முடிந்ததும், "சத்தம் வடிவாயிருக்கு, பதிஞ்சு வைச்சிருக்கட்டோ?" என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அம்மா "ஓம் மோனை" என்றார். அதையே வீட்டுச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன், நீயே அறிந்துகொள்ள முன்னம். இந்தத் துண்டுகளை முதலில் சென்னையில் எழுதுவிக்கத்தான் இருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் பேச்சு பிடிபடாது, யாழ்ப்பாணத்தாரிடமே கொடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் எழும்பி நின்று வாதாடியது நான். உனக்கு அந்த வேலை வந்ததே அதனால்தான். ஊர்ப் பெண்களுக்கு நல்லது செய்கிறேன் என்று அன்று பெருமைப்பட்டேன்.

பதிவை அழிக்கச் சொல்லிவிட்டேன். அழித்துவிட்டார்கள். ஆனால் மெஷின் அதிலிருந்து படித்ததைத் திருப்பி எடுக்க முடியாது. உனக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை.

நிர்மலனிடம் நான் கதைக்கிறேன். போனைக் கொடு. ஏழு மணிக்கு ஒருமுறை கூப்பிடு. நான் இப்போதும் அதே நேரத்துக்குக் காரில்தான் இருக்கிறேன். வேறு எங்கே போவேன்?

உன் அண்ணை,
ஜொனதன்


தெல்லிப்பழை,
6 ஜூலை 2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை நிர்மலனிடம் கொடுத்தேன். வாசித்தார். மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, "எண்டாலும் அவர் ஓம் எண்டு எழுதினாரே" என்றார். அவ்வளவுதான். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னை நம்பாமல் போனதற்கு அவர் கேட்டார், நீங்கள் உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லையே எழுதவில்லை. திரும்பிப் பாருங்கள்.

அதிபர் இரக்கமுள்ளவர். வேலையில் இருந்து நிறுத்தவில்லை. இவர்தான் வேறு இடத்துக்கு மாற்றம் கேட்டு எழுதியிருக்கிறார், கிளிநொச்சிப் பக்கம். அந்தக் கந்தோரை நான் விட்டுவிட்டேன். போன கிழமை இவர் வீட்டுக்கு வரப் பிந்திவிட்டது. குடித்திருக்கவில்லை. ஆனால் கிட்டப் போய் நான் மூச்சை இழுத்துப் பார்த்ததை அவர் கண்டுவிட்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதை எந்த இடத்தில் தொடுவது என்று உங்கள் திரையில் இராது.

மெஷினுக்கு எங்கள் பேச்சு விளங்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். விளங்கட்டும். கேட்டிருந்தால் நான் மீன் விலை, பக்கத்து வீடு, பழைய சண்டை என்று நாள் முழுக்கக் கதைத்துத் தந்திருப்பேன். என் வாய் உங்களுக்குத் தெரியாதா? அம்மா "ஓம் மோனை" என்றது, தனியாக இருக்கும் மகன் ஆசைக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று. அதை நீங்கள் சம்மதம் என்கிறீர்கள்.

எனக்குப் பொறுக்க முடியாதது ஒன்றுதான். இவர் அழுதபோது நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். நீங்களும் மூடியிருந்தீர்கள் என்று நினைத்தோம்.

மைக்கை இத்துடன் அனுப்புகிறேன். நிஷானி அதைப் பஞ்சில் சுற்றிக் கட்டித் தந்தாள், மாமாவின் சாமான் உடையக் கூடாதாம். அவளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. "மாமா ஏன் இப்ப செபத்துக்கு வாறேல்லை?" என்று கேட்டாள். உங்களுக்கு வேலை கூடிவிட்டது என்று சொன்னேன். இந்த வீட்டில் இனிப் பொய் இல்லை என்று நினைத்திருந்தேன். உங்களுக்காக மறுபடியும் ஒன்று சொல்லியாயிற்று.

இனிக் காரில் காத்திருக்காதீர்கள். கூப்பிட மாட்டேன். அம்மாவோடு கதைக்க வேண்டுமானால் பகலில் எடுங்கள், அவர் எடுப்பார்.

ஏழு மணிக்கு இப்போதும் இருக்கிறோம். போனை நிறுத்திக் குசினி அடுப்படியில் வைத்துவிடுகிறேன். யாரும் வாய்விட்டுச் செபிப்பதில்லை, அவரவர் மனதுக்குள்தான். அம்மா மட்டும் பழக்கத்தில் உதட்டை அசைக்கிறார். உங்களுக்காகத்தான் நெடுநேரம் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. என்ன கேட்கிறார் என்று பக்கத்தில் இருக்கும் எனக்கே கேட்பதில்லை. மின்விசிறி ஓடுகிறது.

மிரியம்