கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம்

போர்கெத்தோ, மோதெனா
பிப்ரவரி 9, 1988

அன்புள்ள இரீதேவுக்கு,

நலமா? முழங்கால் வலி தேவலையா? ரிமினியில் உன் தங்கையும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? இங்கே நானும் பன்றியும் நலம். நீ போனதிலிருந்து அது சரியாகத் தின்பதில்லை, என்னை மாதிரியே.

நான் ஆலையில் சொல்லிவைத்த சிவப்புக் கார் வண்டி இன்னும் வரவில்லை. சவரக்கடையில், சர்ச்சு வாசலில், எங்கே போனாலும் இதே விசாரிப்புதான். புது வண்டி வந்தால் ஊருக்கே மாவில் கறி வைத்து மடித்த தோர்தெல்லீனி சூப் போடுவது வழக்கமாயிற்றே, எல்லாரும் பசியோடு இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு லெயார்க்கோ வாயை அடக்கவில்லை. "மாவு பிசைய ஆள் எங்கடா? வண்டி வர்றதுக்குள்ள பொண்டாட்டி போயிட்டாளே."

வண்டி நுழையக் கொட்டகைக் கதவைப் பெரிதாக்கிவிட்டேன். கயிறு பிடித்து நீளமும் அகலமும் அளந்தாயிற்று. வந்து பாரேன்.

உன் எர்மேஸ்


ரிமினி
பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

முழங்கால் பரவாயில்லை. பன்றிக்கு உருளைக்கிழங்கைப் பச்சையாகப் போடுகிறீர்களா? வேகவைத்துப் போடுங்கள், தின்னும்.

நான் வீம்பு பிடிக்கிறேன் என்று ஊரார் நினைக்கட்டும். உங்களுக்குமா தெரியாது? புது வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதுதான் என் அதேல்மோ அண்ணனுக்கு அதே ஆலையில் வேலை. மூடுபனியில் அப்படியொரு வண்டியை ஓட்டிப் போனவன், அவன் தொப்பிதான் வீடு வந்தது. ஒருவனுக்காக அழுதது போதும். அந்த வண்டி நம் முற்றத்துக்கு வருகிறதென்றால் நான் வரமாட்டேன்.

கம்பளிச் சட்டை பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. போட்டுக்கொள்ளுங்கள்.

இரீதே


போர்கெத்தோ
மார்ச் 12

அன்புள்ள இரீதேவுக்கு,

நலம்தானே? வேகவைத்துப் போட்டேன், பன்றி தின்கிறது.

இன்று காலை வண்டியை ஆலையிலிருந்து நானே எடுத்துவந்தேன். மோதெனாவைத் தாண்டியதும் மூடுபனி. அதேல்மோ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து வந்தேன். பின்னால் வந்த பால் லாரிக்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துவிட்டான்.

நம் கால்வாய்ப் பாலத்தின் திமில் உனக்குத் தெரியுமே. அதன் உச்சியில் வண்டியின் அடிவயிறு உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், வயிறு எவ்வளவு தாழ்வு என்று பார்க்கத் தோன்றவில்லை. ஊரே கூடிவிட்டது. "சூப் எப்போ?" என்றுதான் பாதிரியாரே கேட்டார்.

நான் தலையில் கைவைப்பேன் என்று எல்லாரும் பார்த்தார்கள். எனக்கோ, அப்பாடா என்று இருந்தது. இறங்கி வீட்டுக்கு நடந்தபோதுதான் மூச்சே வந்தது. இரீதே, இந்த வண்டி நம் முற்றத்துக்கு வரவே முடியாது. டிராக்டர் கட்டி அந்தப் பக்கம் இழுத்து, வந்த இடத்துக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். லெயார்க்கோ டிராக்டரைக் கொண்டுவரப் போயிருக்கிறான். அவன் டிராக்டர் கதைதான் உனக்குத் தெரியுமே, போன அறுவடையில் அது

மதியப் பேருந்து நிற்கிற சத்தம். ஜன்னல் வழியே பார்க்கிறேன். பச்சைக் கோட்டுப் போட்ட ஒருத்தி பெட்டியைப் போட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாலத்தின்மேல் ஓடுகிறாள். வண்டிக்குள் குனிந்து பார்க்கிறாள். இப்போது நம் வீட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். "என்னங்க! உள்ளதான இருக்கீங்க?" குரல் அப்படியே உன்