நான் அவிழ்த்த பரிவட்டம்

ஆடி 2

கூட்டமாக வந்த பஸ்ஸை எல்லாம் விட்டுவிட்டு, காலியாக வந்த ஒன்றில் ஏறி ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குருவிகுளம் யூனியன் ஆபீசில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. ஆடி பிறந்ததும் சிவசக்தியை அவள் அப்பா சங்கரன்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கல்யாணமாகி முதல் ஆடி, வழக்கம்தான். போகும்போது, "தபசுக்கு வருவீங்கள்லா?" என்று கேட்டாள். "வாரேன்" என்றேன். வாய் எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறது.

ஆடி 8

சங்கரன்கோவிலிலிருந்து மாமா போன் செய்தார். அம்மன் தவத்துக்குச் சுவாமி காட்சி கொடுக்கிற ஆடித்தபசு அன்று தெருவில் அவர்கள் குடும்பத்து மண்டகப்படி உபயம். சாமி முன்னால் நின்று, அம்மனுக்குச் சாத்திய பட்டைத் தலையில் பரிவட்டமாகக் கட்டிக்கொள்ளும் மரியாதை அவர்களுக்குத் தலைமுறையாக உண்டு.

"நமக்கு ஆம்பளப் பிள்ள இல்ல. இந்த வருசம் பரிவட்டம் ஒங்களுக்குத்தான் மாப்ளே. ஊரே பாக்கட்டும்" என்றார்.

ஊரே பார்க்கும். அதுதானே எனக்குக் கஷ்டம்.

ஆடி 9

யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன். கூட்டத்துக்குள் போனால் எனக்கு மூச்சு அடைக்கிறது. காது மந்தமாகிவிடும். நெஞ்சு அடிக்கிற அடியில் இப்போதே செத்துப்போவேன் என்று தோன்றும். எப்போதிருந்து? ஞாபகமில்லை. ஆட்டுக்கிடாயைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறவன் இதைப் போய் யாரிடம் சொல்வது?

கல்யாணத்தில் மணவறை உயரமாக இருந்தது, பிழைத்தேன். பந்தியில் சுவரோரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். கூச்சமா என்று சிவசக்தி கேலி செய்தாள். கூச்சமென்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடி 14

வயிற்றுவலி என்று சொல்லிவிடலாமா? அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஏலே தொர, கிறுக்கா ஒனக்கு? அந்த மரியாதைக்கு அவங்க பங்காளிகளுக்குள்ளயே போட்டி. வேண்டாம்னா பொண்ணயே வேண்டாம்னு சொன்ன மாதிரில்லா."

அம்மா தபசுக்குப் புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

ஆடி 21

நாளைக்கு.

ஆடி 23

நேற்று எழுத முடியவில்லை.

ரதவீதியில் கால் வைக்க இடமில்லை. மாமாவின் ஆட்கள் வழி விலக்கி என்னை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிவசக்தி பக்கத்தில் நின்று என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். பட்டர் பரிவட்டத்தை இறுக்கிக் கட்டினார். அப்போதே தலை கிறுகிறுத்தது. சுவாமி காட்சி கொடுத்ததும் பின்னாலிருந்து பருத்தியும் மிளகாய் வத்தலும் தானியமுமாக வீச ஆரம்பித்துவிட்டார்கள். விளைந்ததைச் சாமிக்கு வீசுவது எங்கள் பக்கத்து விவசாயிகள் காலங்காலமாகச் செய்வதுதான். என் தலையில் விழுந்தது, கழுத்தில் விழுந்தது. கூட்டம் முன்னால் நெருக்கியது. மூச்சு — மூச்சே வரல. பட்டு மண்டைய நெரிக்குது. அவுத்துப் போட்டுட்டேன். ஆமா, நான்தான், என் கையாலதான். அவ வெரலயும் உதறிட்டு, யாரத் தள்ளுனேன் யார மிதிச்சேன் தெரியல, ஓடுனேன்.

ரயிலடிப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில்தான் மூச்சு வந்தது. அந்தப் பட்டை எத்தனை பேர் மிதித்தார்களோ. அம்மன் உடுத்தின பட்டு.

ஆடி 25

மாமா போனை எடுக்கவில்லை. சிவசக்தியும் எடுக்கவில்லை. அம்மாதான் சேதி கொண்டுவந்தாள்.

"குடிச்சிருந்தான்னு ஒருத்தன் சொல்லுதான். வலிப்பு, மறச்சுக் கட்டி வச்சிட்டாவன்னு ஒருத்தி சொல்லுதா. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த ஊருக்குள்ள போவேன்?"

குடித்திருந்தேன் என்றே சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அதை மன்னித்துவிடுவார்கள்.

ஆவணி 3

ஆடி முடிந்துவிட்டது. அவள் வரவில்லை.

ஆவணி 4

வரவில்லை.

ஆவணி 19

காலையில் எதற்கு எழுந்திருக்கிறேன் என்று தெரியவில்லை. அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். கூட்டமில்லாத இடம்தானே கேட்டாய்? இந்தா, வீடு முழுக்க இருக்கிறது.

புரட்டாசி 12

சிவசக்தியே போன் செய்தாள். மத்தியானம் நடை சாத்துவதற்கு முன்னால் கோவிலுக்கு வரச் சொன்னாள். கல்யாணத்தைத் தீர்த்துவிடத்தான் கூப்பிடுகிறாள் என்று மனதைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். பிரகாரத்தில் எங்களைத் தவிர ஆளில்லை.

"என் பக்கத்துல நிக்கப் பிடிக்காமத்தான ஓடுனீங்க?" என்றாள். "ஊரு என்னமும் சொல்லட்டும். நீங்க என் வெரல உதறுனீங்கள்லா. அதயேதான் நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நாளும் அந்தப் பட்டைப் பற்றியே நினைத்து மருகிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், பந்தி, சுவரோரம், எல்லாம். அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றாள். கொஞ்சம் கழித்து, "சரியாயிருமா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். அதற்குள் நடை சாத்த வந்துவிட்டார்கள்.

புரட்டாசி 20

வந்துவிட்டாள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரே ஒரு பையோடு. கூட்டத்தைப் பார்த்துப் பயந்து ஓடினான் என்றால் மாமா நம்பவில்லையாம். ஆம்பளை சொல்கிற சாக்கா இது என்றாராம். வழியனுப்ப வாசலுக்குக்கூட வரவில்லை.

என்னால் அவளுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போயிற்று. சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை எனக்கு.

ஐப்பசி 11

அம்மனுக்குத் திருக்கல்யாணம். சிவசக்தி இதைப் பார்க்காமல் இருந்ததே இல்லை. நானும் போனேன். கூட்டம் தொடங்குகிற தெருமுனை வரைக்கும்தான். அதற்கு மேல் கால் வரவில்லை.

"நீங்க இங்கனயே இருங்க" என்று செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தனியாகப் போனாள். அவள் தலை மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப் பெண்ணைத் தனியாக அனுப்பிவிட்டுச் செருப்புக்குக் காவல் இருக்கிற மாப்பிள்ளை. தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மாமா வந்தார். தபசுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். எழுந்து நின்றேன். என்னைப் பார்த்தார், கீழே செருப்பைப் பார்த்தார். மகளுடையது என்று தெரிந்திருக்கும். கடந்து போனார்.

கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். தன் செருப்பைக் கழற்றி அவள் செருப்புக்குப் பக்கத்தில் விட்டார்.

"வர நேரமாகும்" என்றார். மாப்ளே என்று சொல்லவில்லை.

"இருக்கேன் மாமா" என்றேன்.