மே நாலாம் தேதி மணி

கைனாத்,

நீ அறைக் கதவைத் திறக்கவில்லை. குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நமக்குக் குழந்தைக்காக வைத்தியம் பார்க்க இருந்து, வெளிநாடு போய்விட்ட டாக்டரம்மா எப்போது திரும்புவார் என்று கேட்கிறேன். நம்பிக்கையில்லை.

அவர் நமக்குக் கொடுத்த நாளான ஏப்ரல் ஐந்துக்கு 5/4 என்றுதான் பதிந்தேன். எந்த நாட்டு முறைக்கும் தானாக மாறும் என்று நான் பீற்றிக்கொண்ட, மணியடித்து நினைவூட்டும் என் புரோகிராமில்தான். அமெரிக்கக் கம்பெனி வேலைக்காகக் கம்ப்யூட்டரை அவர்கள் முறையில் வைத்திருந்தேன். அவர்களுக்கு மாதம்தான் முதலில். அது மே நாலு என்று எடுத்துக்கொண்டது. நாம் காத்திருந்த நாள் சத்தமில்லாமல் போய்விட்டது.

"உங்க கம்ப்யூட்டர்கிட்டயே புள்ள பெத்துக்குங்க" என்றாய். இன்னும் திட்டு. ஆனால் சாப்பிடு. மீன் குழம்பைச் சூடாக்கிக்கொள்.

ஹிதாயத்

மே நாலு காலையில் கம்ப்யூட்டர் மணியடிக்கும். அழிக்க உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீயே நிறுத்திவிடு.