நீங்கள் பிடித்த வாடகை வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் தேவலையா? அப்பாவின் இருமல் நின்றதா? நான் நலமே.

"உனக்கு எதுக்கு இடைஞ்சல்?" என்று, இங்கே அவிஞோனில் ஒரு வாரம் சமைத்துச் சாப்பிடத் தனி வீடு பிடித்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய அந்த வீட்டின் படம் கிடைத்தது. கவலைப்படாதீர்கள், அது நான் குடியிருந்த வீடுதான். வசந்தத்தில் வீட்டுக்காரர் ருவியேர் வந்து, "எல்லாரும் சுற்றுலாக்காரங்களுக்குத்தான் விடுறாங்கம்மா, நான் மட்டும் ஏமாளியா?" என்றார். இப்போது பழைய நகரின் கோட்டை மதிலுக்கு வெளியே, தோழியின் அறையில் பாதி என்னுடையது. பழைய வீட்டைச் சனிக்கிழமைதோறும் துடைத்து, வருகிறவர்களிடம் சாவி கொடுப்பதும் நான்தான்.

அடை சுடும் கல்லைச் சுமந்து வராதீர்கள். படத்தில் அடுப்புக்கு மேலே மாட்டியிருப்பது நீங்கள் எனக்குத் தந்ததுதான். "அது இருந்தாத்தான் வீட்டுக்குக் களை" என்று அவர் திருப்பித் தரவில்லை. இடது அடுப்பை அழுத்தித் திருப்பினால்தான் பற்றும். நம்மூர் உப்பு வெண்ணெய் மட்டும் நிறையக் கொண்டுவாருங்கள், இங்குள்ளது சப்பென்று இருக்கிறது.

யாரோ சாவிக்குக் காத்திருக்கிறார்கள், ஓட வேண்டும். ஒன்று மட்டும். கிளம்பும்போது கட்டில் விரிப்பை உருவிப் போடச் சொல்வார்கள். உருவாதீர்கள். நீங்கள் போனதும் துடைக்க நான்தான் வருவேன். கொஞ்ச நேரம் அதில் படுத்துக்கொள்கிறேன்.

உங்கள்
சொலேன்